ஒர்சோலா போட்ட தாடைக் கட்டு

அம்மா ஒர்சோலா செவ்வாய்க்கிழமை இறந்தாள். நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டி முழக்குவது அவள் பழக்கம்.

இத்தாலியின் லொம்பார்தியில், எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குன்றுகளில் ஆஸ்திரியர்களோடு அந்தப் பெரிய சண்டை நடந்தபோது அவளுக்கு இருபது வயது. பட்டுப்புழு வளர்ப்பவள். கூடுகளைப் பறித்து முடித்து, கொட்டகை காலியாக இருந்தது. தேவாலயத்தில் இடம் கிடைக்காத காயக்காரர்களை அங்கே தூக்கி வரச் சொல்லி, புழு வளர்க்கும் நாணல் தட்டுகளில் அடுக்கடுக்காகப் படுக்க வைத்தாள். புழுக்கள் இப்படி முனகாது என்று பாதிரியாரிடம் குறைப்பட்டுக்கொண்டாளாம்.

பேன் சாகட்டும் என்று எல்லோருடைய சட்டைகளையும் கூடு அவிக்கும் கொப்பரையில் போட்டாள். ஆஸ்திரியர்களின் வெள்ளையும் எங்கள் பக்கத்துப் பீத்மோந்துக்காரர்களின் நீலமும் கலந்து சேற்று நிறமாயின. அதன்பின் யார் எந்தப் படை என்று பார்த்துச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும்.

இவோ வாயைத் திறந்தால் உடனே தெரிந்துவிடும். ஆஸ்திரியப் படையோடு வந்த குரோஷியாக்காரன். முந்தின நாள்தான் அவனுக்கு ஒரு காலை வெட்டி எடுத்திருந்தார்கள்.

ஜெயித்த பீத்மோந்துப் படையின் சார்ஜெண்ட் மாட்டுவண்டியோடு வருகிறார், ஒவ்வொருவனிடமும் சொந்த ஊர் கேட்டு எதிரிகளைக் கைதி முகாமுக்கு ஏற்றிப் போகிறார் என்று செய்தி வந்தது. ஜூன் வெயிலில் அந்த வண்டியில் ஏறினால் இவோ முகாம் வரை உயிரோடு போகமாட்டான். அம்மா அவன் தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஒருவனுக்கு மட்டும் கட்டினால் சந்தேகம் வரும். எல்லோருக்கும் கட்டினாள். பாதிரியாரின் நல்ல மேஜை விரிப்பு அதில் போயிற்று.

சார்ஜெண்ட் தட்டுகளை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னம்மா, அத்தனை பேருக்கும் வாயிலயா அடிபட்டுச்சு?”

“இந்தச் சண்டை ஆரம்பிச்சதே வாயிலதானே ஐயா.”

அவர் முறைத்தார். அவருடைய இடது கன்னம் பல்வலியில் உப்பியிருந்தது. கிராம்புத் தைலம் தடவி ஒரு கட்டுப் போடட்டுமா என்று அம்மா கேட்டாள். யோசித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். கட்டி முடித்தபின் விசாரிக்க அவருக்கும் வாய் இல்லை. வண்டி காலியாகத் திரும்பியது. படுத்திருந்தவர்களுக்குச் சிரிக்க வழியில்லை, தட்டுகள்தான் ஆடின.

சில ஆண்டுகளில், எந்தப் படை என்று பாராமல் காயக்காரர்களைக் கவனிக்க ஊர் ஊராகச் சங்கங்கள் வந்தன. அம்மா முதல் ஆளாகச் சேர்ந்தாள். சங்கத்தின் செஞ்சிலுவைப் பட்டை கட்டிய கையை மாவரைக்கும் இடத்தில் உயர்த்திக் காட்டி, அவசரம் என்று சொல்லி, வரிசையைத் தாண்டிப் போவாள். அவசரம், வீட்டில் சோளக்கூழ் கிண்ட வேண்டியதுதான்.

இவோ ஊர் திரும்பவில்லை. செருப்புத் தைத்தார். அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். எனக்கு அப்பா ஆனார்.

இறந்தவர்களுக்குச் செய்வதுபோல, அம்மாவின் தாடையை நான்தான் கட்டினேன். மறுநாள் காலை அப்பா ஊன்றுகோலோடு வந்து குனிந்து பார்த்தார்.

“உச்சியில முடிச்சுப் போடாதேம்மா, குத்தும். காதுக்குப் பின்னால போடு. எனக்கு அவ அப்படித்தான் போட்டா.”

அவிழ்த்து மறுபடி கட்டினேன். வாசலில் சக்கரச் சத்தம். கல்லறைக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிட்டது என்றேன்.

“இங்க ஆள் யாரும் இல்லைன்னு சொல்லி அனுப்பிடு” என்றார் அப்பா.