சுதி கூட்டிய கிட்டார்

அரியலூரில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசி. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது என் வேலை. மூங்கிலில் ஏறுவேன். தென்னையில் ஏறுவேன். கட்டிவிட்டு இறங்கி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "ஏய் மைக்கு" என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கல்யாணம் ஆகும்வரை இல்லை.

பெண்டாட்டிக்குச் சொந்த ஊர் தா.பழூர். கல்யாணமான வருசம் அந்த ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் கடை மைக்செட்தான். ஊருக்கு மாப்பிள்ளை, திருவிழாவுக்கு மைக்கு. தென்னை உச்சியில் நான் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். மச்சினன் கூட்டாளிகளோடு கீழே நின்றான்.

"அந்தா தொங்குறாரு பாரு, அவருதான் எங்க மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். என் பெண்டாட்டியும் அங்கேதான் நின்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

எங்கள் கடை மைக்செட்டோடு சேர்ந்து போகிற மெல்லிசைக் குழு ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் பகலில் பஸ் கண்டக்டர், சாயங்காலம் பாடகர். அடுத்த வருசத் திருவிழாவுக்கு முன்னால் அவருடைய கிட்டார்காரருக்குப் பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது. கண்டக்டர் என்னிடம் வந்தார்.

"யோவ், எல்லாப் பாட்டும் உனக்கு மனப்பாடம். மூணு கார்டு கத்துக்க. தா.பழூர் திருவிழாவுல மேடையில உக்காரு."

"கத்துக்கலன்னா?"

"திருச்சியிலேருந்து ஆள் கொண்டாருவேன். நீ மரத்துல ஏறு."

வீட்டில் சொன்னேன். "மேடையிலயா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்குப் போதும்.

பம்பாய் போகிறவர் கிளம்புகிற அன்று கடைக்கு வந்து சி, எஃப், ஜி என்று மூன்று கார்டையும், அதாவது பல கம்பி சேர்ந்து ஒலிக்கிற மூன்று பிடியையும், விரல் வைத்துக் காட்டினார். ஆறு கம்பியில் எங்கெங்கே அழுத்துவது என்று என் விரலைப் பிடித்தும் வைத்துவிட்டார். கேட்க நன்றாக இருந்தது. பிறகு கிட்டார் தலையிலிருந்த திருகுகளைத் திருகிக் கம்பியை எல்லாம் தளர்த்தினார்.

"பெட்டிக்குள்ள வைக்கிறப்ப தளர்த்திதான் வைக்கணும். இல்லன்னா கழுத்து வளைஞ்சிரும்."

குழுவின் கிட்டாரை என்னிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். மறுபடி எதுவரை முறுக்குவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் நாடகக் கம்பெனியில் இருந்தவர். கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டார். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். ஒரு கம்பி அறுந்து என் முகத்துக்கு நேரே வந்தது. வேறு மாட்டினோம். சா, பா, சா, பா என்று ஆறையும் நிறுத்தினார்.

"கம்பின்னா சுதியில நிக்கணும் தம்பி. வேற என்ன இருக்கு அதுல?"

ஆறையும் சேர்த்து ஒரு தட்டு தட்டினார். பஜனை மடத்துத் தம்புரா மாதிரி கேட்டது. கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் சி வைத்தேன். தகரத்தில் ஆணியை இழுத்த சத்தம் வந்தது.

விரலை எடுத்துத் திரும்ப வைத்தேன். அதே சத்தம். ஜி வைத்தேன். வேறு ஆணி. எஃப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மேலும் குறுக்கே படுக்கப் போட வேண்டும். மற்ற மூன்று விரலும் மடங்கி வேறு வேறு இடத்தில் நிற்க வேண்டும். மணிக்கட்டு திருகிக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்தவன் மனுசனுக்கு எத்தனை விரல் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டான்.

மரம் ஏறி உள்ளங்கை காய்த்துப்போனவன் நான். விரல் நுனி காய்க்கவில்லை. கம்பி அறுத்துத் தோல் உரிந்தது. சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் எரிந்தது. கரண்டியால் சாப்பிட்டேன்.

"ஏங்க, பக்கத்து வூட்டு அக்கா கேக்குது, ஆடு வாங்கிருக்கீங்களான்னு."

"என்ன சொன்ன?"

"வாங்கல, எங்கிருந்தோ வந்து மாட்டிக்கிச்சுன்னேன்."

ஆர்மோனியக்காரர் அடிக்கடி வந்து பார்ப்பார். ஆறு கம்பியையும் தட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார்.

"சுதி சுத்தமா இருக்கு. விரலுதான் தப்பு."

"எந்த விரலுண்ணே?"

"எல்லா விரலும்தான்."

இன்னும் அழுத்தினேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். என்னை வெறுப்பேற்றியது ஒன்றுதான். தொடாமல் தட்டினால் கோயில் மாதிரி இருக்கிறது. தொட்டால் தகரக் கடை. நான் கை வைக்காதவரை அது நல்ல வாத்தியம்.

சத்தம் தாங்காமல் போகும்போது இடது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் பொத்திவிடுவேன். வலது கை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். சக், சக், சக். அது ஒன்றுதான் தாளத்தில் இருந்தது.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். வாசி என்றார். சி வைத்தேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"திருச்சிக்குச் சொல்லி வுட்டுடுறேன். நீ தப்பா நெனைச்சுக்காத."

அவர் போனதும் அவள் உள்ளேயிருந்து வந்தாள்.

"அப்ப மரந்தானா?"

"ஆமா."

"சரி. நான் எங்கம்மா வூட்டோட இருந்துக்கறேன். பந்தல் பக்கம் வரல."

திருவிழாவன்று காலையில் அதே தென்னையில் ஏறிக் கட்டினேன். மச்சினன் கீழே நின்று கை காட்டினான். நானும் காட்டினேன்.

மதியத்துக்கு மேல் திருச்சிக்காரர் தன் கிட்டாரோடு வந்து இறங்கினார். மேடையில் கிடந்த எங்கள் கிட்டாரை எடுத்து ஒரு தட்டு தட்டினார். எங்களைப் பார்த்தார்.

"யாரு பிரதர் இதை டியூன் பண்ணுனது?"

"நான்தான்" என்றார் ஆர்மோனியக்காரர். "சுத்தமா இருக்கும்."

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இது தம்புரா இல்லியே. கிட்டார்ல ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு எடம் இருக்கு. இப்படி வச்சா எந்தக் கார்டும் வராது."

ஆறு திருகையும் திருகி மாற்றினார். என்ன தெரியும் என்று கேட்டு என்னிடம் நீட்டினார். சி வைத்தேன். சி வந்தது. ஜி வைத்தேன். ஜி வந்தது. எஃப் முக்கால்வாசி வந்தது.

"விரலெல்லாம் கரெக்டா இருக்கே பிரதர்" என்றார்.

சந்தோசம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உரிந்த தோல் அத்தனையும் ஞாபகம் வந்தது. ஆர்மோனியக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ போங்க. சுதி வெலகிக் கெடக்கு" என்றார்.

திருச்சிக்காரர் கண்டக்டரிடம், "இவரு கார்டு போடட்டும், மெட்ட நான் லீடா வாசிச்சுக்கறேன்" என்றார். கண்டக்டர் மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

கிட்டாரை நாற்காலியில் சாத்திவிட்டு மாமியார் வீட்டுக்கு ஓடினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. மேடையில உக்காரறேன்."

என் முகத்தைப் பார்த்தாள். முறத்தை வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

நான் திரும்பி வந்தபோது கூட்டம் உட்கார்ந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். முன் வரிசையில் அவள், மாமியார், மச்சினன். முதல் பாட்டு ஆரம்பித்தது. சி வைத்தேன்.

தகரக் கடை.

கண்டக்டர் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். நான் ஆர்மோனியக்காரரைப் பார்த்தேன். அவர் கையமர்த்தினார். பக்கம் சாய்ந்து சொன்னார்.

"பயப்படாத தம்பி. நீ வூட்டுக்குப் போயிருந்தப்ப சுதியச் சரி பண்ணி வச்சுட்டேன்."

எனக்கு முறுக்கத் தெரியாது. தெரிந்தவர் மேடையின் அந்தக் கோடியில் இருந்தார். எங்கள் கண்டக்டர் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடமாட்டார். விட்டால் கூட்டம் எழுந்துவிடும் என்று பயம். நான் எழுந்து போனால் என் நாற்காலியும் போகும். இடது கையைப் பொத்தினேன். சக், சக், சக். கச்சேரி முடியும்வரை அதுதான். திருச்சிக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

முடிந்ததும் கண்டக்டர் வந்தார். "மொத பாட்டுல மட்டும் என்னமோ ஆயிருச்சு. அப்பறம் நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்ததுக்கும் நீயே உக்காரு" என்றார். ஆர்மோனியக்காரர், "சுதி நின்னாப் போதும், மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். பேச ஆரம்பித்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மாமியார் வீட்டில் குழுவோடு சேர்த்து எனக்கும் இலை போட்டார்கள். மச்சினன் எதிரே உட்கார்ந்தான்.

"மச்சான், அதுல எது நீங்க வாசிச்சது?"

"அந்தச் சக்கு சக்கு."

"ஓ, அதுவா. ஆட்டம் போட அதான் நல்லாருந்துச்சு."

அவள் கேட்காமலே இரண்டாம் தரம் குழம்பு ஊற்றினாள். கையாலேயே சாப்பிட்டேன். எரிந்தது.

கை கழுவிவிட்டு நேரே திருச்சிக்காரரிடம் போனேன்.

"இன்னொரு கார்டு சொல்லித் தரவா பிரதர்?"

"கார்டு வேணாம் சார். எப்படி முறுக்குறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ஆர்மோனியக்காரர் பாக்குப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். கிட்டாரை எடுத்துக்கொண்டு, திருச்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு, வாசலில் நின்ற மைக்செட் லாரிக்கு அந்தப் பக்கம் போனேன்.