மைக்செட்காரர் குறைத்த வயலின்

எழுபதுகளில் மானகிரியில் ஒரு கல்யாணக் கச்சேரி. பாடகர் வாயைத் திறந்தால் போதும், மைக்செட்காரர் என் வயலின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடைவேளையில், “நான் வாசிக்கிறது யாருக்கும் கேக்கக் கூடாதாய்யா? இனிமே குமிழ்ல கை வைக்காதே!” என்று கத்தினேன்.

“சரிண்ணே” என்று கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த பாட்டில் நான் வெளுத்து வாங்கினேன். வயலினுக்கு மேலே கேட்க வேண்டுமென்று பாடகர் கத்த, குரல் உடைந்தது. பந்தலே சிரித்தது.

“தொண்டை கட்டியிருக்குன்னு காலையிலேயே சொன்னாகளே, உங்களுக்குத் தெரியாதாண்ணே?” என்றார் மைக்செட்காரர்.

தெரியாது! பத்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவனிடம் சொல்லாததை, அன்றைக்குப் பார்த்த ஆளிடம் சொல்லியிருக்கிறார்! கோபம் தலைக்கேறியது.

சொல்லியிருந்தால் மட்டும் குறைத்து வாசித்திருப்பேனா? மாட்டேன். அது பாடகருக்குத் தெரிந்திருக்கிறது.