வெள்ளியில் எண்பத்தேழு கிலோ

காலையில் கூடம் திறந்ததும் அவர் முதலில் நிலாவில் ஏறி நிற்பார். பதினாறு கிலோ. முகம் மலரும். அடுத்து செவ்வாய்: முப்பத்தாறு. வெள்ளி: எண்பத்தேழு. வியாழன் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அங்கே இருநூற்று நாற்பத்துமூன்று காட்டி மானத்தை வாங்கும்.

அறிவியல் காட்சிக்கூடத்தில், எந்தக் கிரகத்தில் நம் எடை எவ்வளவு என்று காட்டும் அந்த ஆறு எடைமேடைகளுக்கும் பத்தொன்பது வருஷமாக அவர்தான் காவல். பார்க்க வருகிறவர்கள் கேட்காமலே விளக்கம் கிடைக்கும்.

"நிலாவுக்குப் போனா இளைச்சிடலாமா சார்?" என்று ஒரு பருத்த அம்மாள் ஆசையாகக் கேட்டார்.

"எடை குறையும்மா, ஆள் குறையமாட்டீங்க. எடைங்கிறது கிரகம் நம்மள இழுக்கிற இழுப்பு. நிறைங்கிறது நம்மகிட்ட இருக்கிற சரக்கு. எங்க போனாலும் சரக்கு கூடவே வரும். அங்கயும் உங்களுக்கு இதே அளவு ஜாக்கெட்டுதான்."

அம்மாள் நிலாவிலிருந்து இறங்கி நடையைக் கட்டினார்.

ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு வலது முட்டி தேய்ந்துபோய், நாலு படி ஏறுவதற்குள் நாற்பது தெய்வத்தைக் கூப்பிடுகிறார். தொண்ணூறு கிலோவுக்குள் வந்தால்தான் அறுவைச் சிகிச்சை என்று டாக்டர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். "வெள்ளியில இருந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்று அவர் முனகினால், "அங்கயும் இதே வாய்தானே கூட வரும்!" என்பாள் மனைவி.

மூன்று மாதம் வாயைக் கட்டினார். நேற்று மூன்றாவது முறை. இதிலும் தவறினால் அடுத்த வருஷம்தான் தேதி.

"டாக்டர், முட்டியத் தேய்க்கிறது எடையா, நிறையா?"

"எடைதான்."

"அப்போ தப்பு பாதி என்னோடது, பாதி பூமியோடது."

"பூமியை நான் அப்புறம் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன். நீங்க ஏறுங்க."

தொண்ணூறு புள்ளி இரண்டு. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு நிமிஷம்" என்று இறங்கினார். செருப்பு, பெல்ட், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் நாற்காலிக்குப் போயின. ஏறினார். தொண்ணூறு புள்ளி ஒன்றோ, சைபரோ. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுதான்" என்றாள் மனைவி, ஈவிரக்கமில்லாமல்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, பூமியில் மறுபடி ஏறி நின்றார்.