பத்தாவது வரியில் ரசம்

பேய், பிசாசு, கண்ணேறு என்று எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. விருதுநகரில் என் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும்போது ராகு காலம் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தார் அப்பா, அதாவது ராகு காலத்தில்தான் கூட்டம் இருக்காது என்று. அவர் மகள் நான். அதனால் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

ஹைதராபாத்தில் சனி, ஞாயிறு ஆனால் அங்கங்கே தற்காலிகச் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும். ஒரு மேஜை, ஒரு குடை, ஒரு கேஸ் அடுப்பு, ராத்திரிக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்ட கடைகளைச் சேர்த்து உணவுத் திருவிழா நடத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. இந்த வாரம் மல்காஜ்கிரி, அடுத்த வாரம் செகந்திராபாத் என்று பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைய வேண்டும். கடை திறக்கும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, தாளில் ஒரு வரியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டால்தான் கடை திறக்கும்.

இதில் ஒரு கூத்து உண்டு. எனக்கு ருசி தெரியாது. கொரோனாவில் போனது, எல்லோருக்கும் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. மல்லிகையும் சாக்கடையும் எனக்கு ஒன்றுதான். கம்பெனியில் சொன்னால் வேலை போகும், வீட்டில் சொன்னால் என் கணவர் கவலைப்படுவார், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. நுரை கட்டியிருக்கிறதா, எண்ணெய் பிரிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, 'உப்பு சரி, காரம் சரி' என்று எல்லாக் கடைக்கும் ஒரே வரியை எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். தப்புதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்கு மாட்டிக்கொள்வேன் என்று நினைப்பேன், ஆனாலும் போவேன். என்ன செய்ய, அதுவும் பழகிப்போகிறது.

போன ஏப்ரலில் அல்வாலில் ஒரு குடியிருப்பு மைதானத்தில் ஒன்பது கடைகள். காலை பதினோரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நாலாவது கடை ரோஸி அக்காவுடையது, குழிப்பணியாரமும் தேங்காய்ச் சட்னியும். அவர் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவராம், அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், பேச்சில் இந்த ஊர் உருது கலந்து வரும். ஒரு பணியாரத்தைச் சட்னியில் தோய்த்துக் கொடுத்தார், வழக்கம்போல் பஞ்சைத் தின்கிற மாதிரி தின்றேன், வழக்கமான வரியை எழுதினேன். எழுதியதாகத்தான் நினைப்பு. ஒன்பது கடையும் முடித்து, தாளைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து, பையை மடியில் வைத்தபடியே ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டும். மூன்றரைக்குத் தாளை எடுத்தேன். நாலாவது வரியில், என் கையெழுத்தில், 'சட்னி ஊசிவிட்டது. வேண்டாம்' என்று இருந்தது.

நம்பினால் நம்புங்கள், நான் அதை எழுதவில்லை. ஆனால் 'ட'வுக்கு வால் விடுகிற கெட்ட பழக்கம் எனக்குத்தான் உண்டு, அந்த வாலும் அதில் இருந்தது. பக்கத்தில் நேரம், பதினொன்றே கால்.

கடைகளுக்கு முன்னால் பிள்ளைகள் அதற்குள் தட்டோடு வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஓடினேன். சட்னியில் விரலை விட்டு நக்கினேன். ஈரம் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. 

"அக்கா, நீங்க ஒரு வாய் தின்னு பாருங்க," என்றேன்.

"கைக்கு? எதுக்கும்மா? காலைல நீயே தின்னியே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"இப்ப தின்னுங்கக்கா."

தின்றார். முகம் சுருங்கியது. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ஹவ், ஆமா, போயிடுச்சு. பதினோரு மணிக்கு நானும்தான் தின்னேன், அப்ப சுத்தமா இருந்துச்சும்மா, சத்தியமா." பாத்திரத்தைத் தூக்கி மண்ணில் கவிழ்த்தார். "புள்ளைங்களுக்கு இது நக்கோ, வேணாம். பொடி வச்சு ஓட்டிக்கிறேன்." பிறகு என்னையே பார்த்தார். "மரத்தடில இருந்த உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வாசனை வந்தது என்று சொன்னேன். அதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் தாளை முழுசாகப் பார்த்தேன். தாளில் பத்துக் கட்டம், கடை ஒன்பதுதான். பத்தாவதிலும் எழுதியிருந்தது. 'ரசம். மிளகு தூக்கல். நல்லா இருக்கு. இன்னொரு டம்ளர் கேட்டேன்.' அன்றைக்கு எந்தக் கடையிலும் ரசம் கிடையாது. வெயில் தலைக்கேறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

வீட்டில் அவர்தான் சமைத்திருந்தார். சனிக்கிழமை நான் வர நேரமாகும் என்பதால் சமையல் அவர் பொறுப்பு. சாப்பிட உட்கார்ந்ததும் டம்ளரில் ரசத்தை ஊற்றி வைத்தார். மகளுக்கு ஒன்பது வயது, நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "நான்னா, காரம் சாலா எக்குவ," என்று உறைப்புத் தாங்காமல் அவள் தண்ணீருக்கு ஓடினாள்.

நான் டம்ளரைக் காலி செய்தேன். வெந்நீர். அவ்வளவுதான்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் தெரியலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்ற. உப்பே போடாத அன்னைக்கும் இதான் சொன்ன. சரி, நீயா சொல்லுவன்னு விட்டுட்டேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மிளகைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிட்டு வரேன். ஒரு நாள் உனக்கு உறைக்கும்ல."

இவ்வளவு நாளும் என்னைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அழுதால் மகள் கேட்பாள், அதனால் காலி டம்ளரை அவர் பக்கம் நீட்டினேன். அவர் கரண்டியை எடுத்த பிறகுதான் அந்தத் தாளின் கடைசி வாக்கியம் நினைவுக்கு வந்தது.

மறு வாரமே கம்பெனியில் உண்மையைச் சொன்னேன். ருசி பார்க்க வேறு ஆளைப் போட்டார்கள், என்னைக் கடைகளுக்கு இடம் பிரிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அலைச்சல் அதேதான். பத்தாவது வரியை மட்டும் கிழித்து அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அவரிடமும் காட்டவில்லை. நாக்குக்கு ருசி இன்னும் திரும்பவில்லை. டாக்டர் நரம்பு என்கிறார், இருக்கட்டும். சட்னி கெடுவதற்கு நாலு மணி நேரம் முன்னால் அது யாருக்குத் தெரிந்தது என்றுகூட நான் இப்போது யோசிப்பதில்லை. மிளகு எடுக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுத் தாள் கையில் படும். அதில் 'நல்லா இருக்கு' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த ரசம் யாருக்கு நல்லா இருந்தது என்றுதான் தெரியவில்லை.