இரவல் நாற்காலிகள்

தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அக்கம்பக்கத்துச் சாமான்கள்தான் முதலில் வந்து சேரும். பெண் பார்க்க வந்தாலும் சரி, துக்கம் கேட்க வந்தாலும் சரி. நீலகிரி மலையில் இருக்கும் நடுவட்டத்தில் அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. விருந்தாளி முன்னால் அது இரவல் என்று வாய்விட்டுச் சொல்வதுதான் குறை. கொடுத்தவளை அந்நியமாக்கியது போலாகிவிடும்.

கோயமுத்தூர் டிரஸ்டுக்காரர்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் ராக்கம்மாவும் அதையேதான் செய்தாள். கொழுந்து பறித்த கூலியில் மகள் தங்கமணியைப் பத்தாவது முடிக்க வைத்தாயிற்று. மேலே படிக்க ஊட்டியில் ஹாஸ்டலில் சேர வேண்டும். அந்தச் செலவை ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்தின் டிரஸ்ட் ஏற்பதாக இருந்தது. வீட்டைப் பார்த்த பிறகு முடிவு.

"ஏண்டி, கார்ல வர்றவங்கள உன்ற ஓட்டை ஸ்டூல்லயா உக்கார வெப்பே? பொடவ கிழிஞ்சா நீயா வாங்கித் தருவே?" என்று சிரித்தபடி பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்தாள். பூப்போட்ட விரிப்பும், தவணையில் எடுத்த கலர் டிவியும் பின்னாலேயே வந்தன. கரி படிந்த சுவரை டிவி பாதி மறைத்தது.

"டிவி எதுக்கும்மா?" என்றாள் தங்கமணி.

"படிப்புக் குடுக்க வர்றவங்களுக்கு நாம வேற என்னத்தக் குடுக்கப் போறோம்? ஊடாச்சும் லட்சணமா இருக்கட்டும்."

டிரஸ்டை நடத்தும் மருதாம்பாள் அம்மாள் மகனுடன் வந்தார். உட்கார்ந்தார், டீ குடித்தார். கண் மட்டும் டிவியை விட்டு நகரவில்லை.

"டிவி உங்களுதுங்களா?"

வாசலில் பேச்சியம்மா நின்றிருந்தாள். "ஆமாங்கம்மா, நம்முளுதுதானுங்க" என்றாள் ராக்கம்மா. தங்கமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

காரில் ஏறும்போது அந்த அம்மாள் மகனிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. "கண்டதையெல்லாம் வாங்கிப் போட்டுட்டு, புள்ள படிப்புக்கு மட்டும் நம்ம கையப் பாக்கறாங்கடா." அவர்கள் கடையிலும் தீபாவளிக்குத் தவணைச் சீட்டு உண்டு.

மறுவாரம் ராக்கம்மா லீவு சொல்லிவிட்டுக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினாள். கடை மாடியிலிருந்த டிரஸ்ட் அறையில் கைகூப்பி எல்லாவற்றையும் சொன்னாள்.

மருதாம்பாள் கோபப்படவில்லை. "அன்னிக்கு உங்களுதுன்னீங்க, இன்னிக்கு இரவல்ங்கறீங்க. எத நம்பறதுங்க?"

"உங்களுக்கு மரியாதையா இருக்கோணும்னுதானுங்க..."

"மரியாதைக்குப் பொய் சொல்லோணுமுங்களா? வேற புள்ளைக்குச் சொல்லியாச்சு." பிறகு மனசு கேட்காதவர் போல, கடைப் பையில் ஒரு புடவையைப் போட்டு நீட்டினார். "அத்தன தூரம் வந்துட்டீங்க, வெறுங்கையோட போகாதீங்க."

ராக்கம்மா இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். "உங்க குடும்பம் நல்லா இருக்கோணுமுங்க" என்று வாய் தானாகச் சொன்னது.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேன் லைனுக்கு வந்தது. அதில் கிளம்பிய தங்கமணி தன் பையைத் திறந்து, அம்மா மடித்து வைத்திருந்த அந்தப் புடவையை வெளியே எடுத்து வைத்தாள்.

"கொண்டுபோ சாமி. கட்டிக்க ஒண்ணாச்சும் நல்லதா இருக்கட்டும்."

"பொய் சொன்னியே, அதுக்குக்கூட எனக்குக் கோவமில்லம்மா. இத வாங்கிட்டு, அவங்கள வாழ்த்திட்டு வேற வந்தே பாரு."

வேன் புறப்பட்டது. அது வளைவு தாண்டும்வரை நின்றால் கூலிக் கணக்கில் அன்றைய பேர் விட்டுப்போகும். ராக்கம்மா கூடையை எடுத்துக்கொண்டு தேயிலைக் காட்டை நோக்கி நடந்தாள்.