வாசலோடு நின்ற காலணி

நவமணிக்கு அவர் பாதத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த காலணி 2024 மார்ச் 11 அன்று கிடைத்தது. ஐம்பத்தெட்டு வயது, இடது கால் பெருவிரலின் அடியில் ஆறாத சர்க்கரைநோய்ப் புண். அந்த இடத்தில் உடல் பாரம் விழாதபடி ஈப்போ கிளினிக்கில் காலணியின் உள்ளே குழி வைத்திருந்தார்கள்.

சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது வீட்டிலேயே நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்கிறார். விடிந்ததிலிருந்து அடுப்புக்கும் மேசைக்கும் வெறுங்காலோடு நடைதான். பாதம் மரத்துவிட்டதால் வலி தெரியாது.

ஜூலையில் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. கிளினிக்கில் காலணி செய்து கொடுத்த தினேஸ்வரி அதைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் நேற்று வாங்கியதுபோல் இருந்தது.

“தினமும் போட்டீங்களாக்கா?”

“வெளிய போறப்பல்லாம் போட்டேன்மா.”

“வெளிய எங்க போவீங்க?”

“இங்கதான் வருவேன்லா.”

“வீட்டுல?”

நவமணி கணவரைப் பார்த்தார். கனகராஜ் முந்திக்கொண்டார்.

“சாமி இருக்கிற வீட்டுக்குள்ள யாரும்மா சப்பாத்து போடுவாங்க? வாரா வாரம் தொடச்சு வாசல்ல பெட்டிக்குள்ள வச்சிருவேன். இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்.”

“வீட்டுக்குள்ள நடக்கத்தான் கொடுத்தோம், அண்ணே.”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா.”

“அக்காகிட்ட சொன்னேனே.”

“நானும் இவருகிட்ட சொன்னேன்” என்றார் நவமணி.

கனகராஜ் கையோடு கொண்டு வந்திருந்த பெட்டிக்குள் காலணியை வைத்து மூடினார்.

வரும் செவ்வாய்க்கிழமை அந்த விரலை எடுக்கிறார்கள். விரல் போன பாதத்துக்கு இந்தக் காலணி பொருந்தாது. புதிதாக அளவெடுக்க வேண்டும்.