வீரனுக்குப் பயம் தெளிந்த கதை

ரொக்ஸ்பரோவில் எங்கள் வேலிக்கு அடுத்த பக்கத்து வெள்ளைக்காரன், மாலை ஐந்து மணியானால் பின்வளவில் நின்று கைபேசியில் துவக்கு வெடிக்கிற சத்தம் போடுகிறான். சத்தம் வந்ததும் நாயின் கோப்பையில் சாப்பாடு விழுகிறது. எனக்கு அந்த நேரம் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்புவேன், சன்னலுக்குப் போவேன், குசினிக்கு வருவேன், திரும்பவும் சன்னலுக்குப் போவேன்.

"அம்மா, ஃபோன் சத்தம்தானே. இருங்கோவன்," என்பாள் மகள்.

வாத்து வேட்டைக்கென்று வாங்கிய நாயாம். போன வருடம் இலை கொட்டுகிற காலத்தில் கூட்டிப் போனபோது, முதல் வெடிக்கே காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டதாம். இந்த முறையும் பயந்தால் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறானாம். மகள்தான் அவனோடு பிரெஞ்சில் கதைத்துவிட்டு வந்து சொன்னாள். அவன் செய்வது சரியான வழிதான். அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்க்காத நான், பத்து வயதில் நானே யோசித்துச் செய்து முடித்த வேலை அது.

நேற்றுப் பொறுக்க முடியாமல் மகளையும் இழுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன்.

"கேள் பிள்ளை, சத்தம் வந்த பக்கம் ஓடேக்குள்ள இவன் கூப்பிட்டா நாய் நிக்குமோ எண்டு."

"உங்களுக்கேனம்மா இந்த வேலை?" என்று முகத்தைச் சுளித்தாலும் கேட்டாள். அவன் சிரித்தான். நாயின் தலையைத் தடவிக்கொண்டு ஏதோ சொன்னான். "அதெல்லாம் பேந்து பழக்கலாமாம். முதல்ல பயம் போகட்டுமாம்," என்றாள் மகள்.

நானும் அப்படித்தான் சொன்னேன்.

அப்போது நாங்கள் வன்னியில் காட்டோரமாக வயல் செய்துகொண்டிருந்தோம். ஐயாவின் தம்பி, எங்கள் சின்னையா, அனுமதியோடு துவக்கு வைத்திருந்தவர். பயிருக்கு வரும் பன்றியைக் கலைக்க ஒரு குட்டியை வாங்கி வந்து, குணம் தெரிய முன்பே வீரன் என்று பெயரும் வைத்துவிட்டார். உடும்பைக் கண்டால் வீரன் புலிதான். முயல் தடத்தை மோந்துகொண்டு அரை மைல் போகும். துவக்கு வெடித்தால் மட்டும் வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு ஓடி வந்து, அம்மா நெல் அவிக்கிற கிடாரத்துக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு கிடக்கும். சின்னையா அதை இழுத்துப் போய்த் துவக்கடியில் கட்டிவைத்து வெடி வைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் தோளில் துவக்கைக் கண்டாலே நின்ற இடத்தை நனைத்துவிடும்.

"உம்மட வீரன் கிடாரத்துக்குக் காவலோ?" என்று பக்கத்து வயல்காரர் கேட்டதோடு சின்னையாவின் மானம் போய்விட்டது.

"கதிர் வாறதுக்கிடையில பயம் தெளியாட்டி, உந்த நாயைக் கொண்டுபோய்ச் சந்தையடியில விட்டிட்டு வந்திடுவன்."

"நான் தெளிய வைக்கிறன்," என்றேன்.

"நீயோ? கோழி கொத்த வந்தா ஓடுறவள்!"

அந்தச் சொல்லுக்காகவே பிடிவாதமாக இறங்கினேன். வீரன் படுத்திருக்கும் இடத்துக்குத் தூரத்தில் நின்று இரண்டு சிரட்டையைத் தட்டுவேன். தட்டியதும் அம்மா கருவாட்டுத் தலை போட்ட சோற்றை அதன் முன்னால் வைப்பா. சத்தமில்லாமல் சோறில்லை. நாளுக்கு இரண்டடி கிட்ட வந்தேன். பிறகு சிரட்டையை விட்டு மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்தேன். பிறகு கோயில் திருவிழாவில் மிஞ்சிய சீனவெடி. அதற்கு ஒருநாள் சோற்றை விட்டுவிட்டு ஓடியது. நான் ஏசவில்லை, இரண்டு நாள் தகரத்துக்குத் திரும்பினேன். கடைசியாகச் சின்னையாவைத் துவக்கோடு குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். "இன்னும் தள்ளிப் போங்கோ!" என்று அந்தப் பெரிய மனிசனை நான் அதட்ட, அவரும் போனார்.

"நான் விசிலடிச்சா நிக்குமோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"அதெல்லாம் பேந்து," என்றேன்.

கதிர் வந்த நேரம், முற்றத்தில் துவக்கு வெடித்தால் வீரன் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்து கோப்பையைத் தேடியது. எங்கே வெடித்தாலும் அங்கே நிற்கும். சின்னையா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், தான் பழக்கியதாக.

அந்தக் காட்டில் கட்டுத்துவக்கு வைப்பார்கள். மரத்தில் துவக்கைக் கட்டி, பன்றித் தடத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிட்டு ஆள் போய்விடும். கம்பியில் கால் இடறினால் அது தானாக வெடிக்கும். ஒரே தடத்தில் இரண்டு மூன்று கூட வைப்பதுண்டு. இது பெரியவர்களுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சின்னையாவின் துவக்கு சுவரில் தொங்கியது. காட்டுக்குள் ஒரு வெடி கேட்டது. வீரன் துள்ளி எழும்பி வேலிப் படலையைத் தாண்டி ஓடியது. சின்னையா சோற்றுக் கையோடு எழும்பி விசிலடித்தார், பெயர் சொல்லிக் கத்தினார். அது திரும்பியும் பார்க்கவில்லை.

"பாத்தீங்களோ, ஒரு துளி பயமில்லை!" என்று நான் கைகொட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வெடி கேட்டது.

"இதுக்கும் திரும்பி ஓடி வரேல்லை," என்றேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

சின்னையா தோளில் சால்வையோடு காட்டுக்குப் போனார். பொழுதுபடத் திரும்பியபோது சால்வை இல்லை. முள்ளில் கிழிந்துவிட்டது என்றார். வீரன் எங்கே என்று கேட்டேன். "முயலைக் கலைச்சுக்கொண்டு ஓடிப்போட்டுது. பசிச்சா வரும்."

பிறகு வந்த காலத்தில் நான் கேட்ட வெடிகள் கொஞ்சமல்ல. மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடி ஓடித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். பயப்பிடாதேங்கோ என்று அதுகளுக்கு ஒருநாளும் நான் சொன்னதில்லை.

ஆனால் அன்று எனக்குப் பத்து வயது. சோற்றைக் கோப்பையில் போட்டுக்கொண்டு, தகரத்தையும் எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போனேன். தகரச் சத்தம் கேட்டால் எங்கே நின்றாலும் வரும். பழக்கியவள் நான். தட்டினேன். கை நொந்தபோது மற்றக் கையால் தட்டினேன். சின்னச் சத்தத்துக்கே ஏசுகிற அம்மா அன்று ஏசவில்லை. சின்னையா கிணற்றடியில் நின்று கை கழுவிக்கொண்டே இருந்தார். என்னுடைய கெட்டித்தனத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் வாயடைத்து நிற்கிறார்கள் என்று நினைத்து, இன்னும் பலமாகத் தட்டினேன்.